கேட்காமல் அனுப்புவதற்கில்லை

பிப்ரவரி 9

அன்புள்ள நெட்டையனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி நேரம் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே கழிந்துவிடுகிறது. மீதி நேரம் நீ எங்கோ ஓடிக்கொண்டே பேசுகிறாய். இனி முக்கியமானதை எழுதிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். நீயும் உட்கார்ந்து எழுது. இரண்டு வரியையும் ஒரு கட்டைவிரல் படத்தையும் பதிலென்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உன் நிறுவனம் அனுப்பிய ஃப்ரீசர்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தன. துறைமுகத்தில் ஐஸ்கிரீம் கடைச் சாமான் என்று எழுதி வைத்துக்கொண்டு நகர விடவில்லை. “ஐயா, இதுல நோயாளிங்க ரத்தமும் சிறுநீரும் உறைய வெக்கப் போறோம், ஆராய்ச்சிக்கு” என்று விளக்கினேன். சுங்க அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். உடனே ஆபத்தான பொருள் பிரிவுக்கு மாற்றிவிட்டார். வாயை மூடிக்கொண்டு ஐஸ்கிரீம் என்றே ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வந்தால் லிஃப்டில் நுழையவில்லை, மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டன. கடைசியில் கீழ்த்தளத்தில் பழைய எக்ஸ்ரே அறையைக் கெஞ்சி வாங்கி, வாசல் நிலையைப் பெயர்த்து உள்ளே தள்ளினோம். இயக்குநர் வந்து ரிப்பன் வெட்டினார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து, “ரொம்ப ஜில்லுனு இருக்கே” என்றார். இந்தத் திட்டத்தைப் பற்றி அவர் இதுவரை சொன்ன ஒரே கருத்து அதுதான்.

நீ அனுப்பிய சம்மதப் படிவம் எனக்கே கொட்டாவி வரவழைத்தது. வயலில் வேலை முடிந்து வருகிறவர்களிடம் அதை நீட்டினால் எங்கே கைநாட்டு என்றுதான் கேட்பார்கள். நானும் என் டெக்னீஷியன் பெண்ணும் உட்கார்ந்து ஒரே பக்கமாகச் சுருக்கிவிட்டோம். கரும்பு வெட்டுகிறவர்களுக்கு ஏன் சிறுநீரகம் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்க உங்கள் ரத்தத்தையும் சிறுநீரையும் பாதுகாத்து வைக்கிறோம். அது இந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். வேறு இடத்துக்கோ வேறு காரியத்துக்கோ கொடுப்பதானால் உங்களிடம் மறுபடி வந்து கேட்போம். இவ்வளவுதான். நகல் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சரி சொல்.

சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் முதல் முகாம் போட்டோம். ரத்தத்தையும் சிறுநீரையும் சேர்த்து வைக்கிற இடத்துக்கு உயிரிவங்கி என்று பேர் சொன்னேன். “பேங்க்னா வட்டி உண்டா டாக்டரம்மா?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்புறம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தவரும் அவர்தான். அப்பாவைப் போலவே தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அரிவாள் பிடித்த தோள். அப்பாவுக்கு வந்தது இன்னதென்று நமக்குத் தெரிவதற்குள் அவர் போய்விட்டார். இவர்களுக்காவது தெரியட்டும்.

அம்மா சுகம். உன் வீட்டு வாண்டு பல் விழுந்த படத்தை அனுப்பச் சொல்கிறாள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். சுங்க அதிகாரி கதையை இங்கே மதிய உணவு மேசையில் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்தி, “அங்க இதெல்லாம் சரியா வருமா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வரும், என் அக்கா இருக்கிறாள் என்று சொன்னேன். பெருமைக்குச் சொல்லவில்லை.

படிவம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த “மறுபடி வந்து கேட்போம்” என்ற வரி அவசியமா? இங்கெல்லாம் எதிர்கால ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் சம்மதம் வாங்கிவிடுகிறார்கள். நாளைக்கு என்ன கேள்வி வரும் என்று இன்றைக்கே யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு தடவையும் கரும்புக் காட்டுக்குள் போய் ஆளைத் தேடிக்கொண்டிருப்பாயா? சரி, நீ பிடித்தால் விடமாட்டாய். மேலதிகாரியிடம் காட்டினேன், ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

ஒரே ஒரு குறை. உன் அறிக்கைகள் தாமதமாக வருகின்றன. வந்தாலும் பாதி அறிக்கை மின்வெட்டைப் பற்றியும் மீதி இயக்குநரைப் பற்றியும் இருக்கிறது. எனக்கு வேண்டியது எத்தனை பேர், என்ன வயது, எந்த நிலை. என் ஒப்பந்தம் இந்தத் திட்டத்தோடு கட்டிப்போட்டது என்பதை நினைவில் வைத்துக்கொள்.

வாண்டு பல்லை எங்கேயோ தொலைத்துவிட்டு அழுகிறது. அந்தப் படம்தான் கிடைத்தது, இணைத்திருக்கிறேன்.

உன் நெட்டையன்


மே 16

அன்புள்ள தம்பிக்கு,

உனக்குப் பிடிக்காத அறிக்கைதான் இது. மின்வெட்டைப் பற்றியது.

வெயில் ஏறினதும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரே ஜெனரேட்டர். அறுவை அரங்கு, பிரசவ வார்டு, பிறகு ரத்த வங்கி. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் வரிசையில் நம் அறை கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிறது. கேன்டீனுக்குப் பின்னால்! இயக்குநரிடம் போய்ச் சண்டை போட்டேன். “அது உறைஞ்சு கிடக்கிற சாமான்தானே டாக்டர், கொஞ்ச நேரம் தாங்காதா?” என்றார். அவருடைய அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

போன வாரம் மதியம், மின்சாரம் திரும்பி வந்தபோது ஒரே அடியாக ஏறி வந்து ஒரு ஃப்ரீசரின் கம்ப்ரசர் எரிந்துவிட்டது. ஃப்ரீசர் கம்பெனியின் பழுது பார்க்கும் ஆள் இந்த நாட்டிலேயே இல்லை. உன் நிறுவனத்துக்கு எழுதினேன். கருவி வாங்கித்தர விதி உண்டு, பழுது பார்க்க விதியில்லை என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் பாலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது போல.

டெக்னீஷியன் பெண் மீன் ஏற்றுமதிக் கிடங்குக்கு ஓடி டிரை ஐஸ் வாங்கி வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு டியூப்களை மாற்றினோம். விரலெல்லாம் மரத்துப்போய் எது என் விரல் எது டியூப் என்று தெரியவில்லை. அப்படியும் மேலடுக்கு முழுவதும் உருகிவிட்டது. இரண்டாவது முகாமில் எடுத்தவை. அதில் சிலர் இப்போது உயிரோடு இல்லை, நெட்டையா. அவர்களிடம் இன்னொரு தடவை போய்க் கை நீட்டச் சொல்ல முடியாது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவளைத் திட்டினேன். அவளை ஏன் திட்டினேன் என்று இப்போது வரைக்கும் எனக்கே தெரியவில்லை.

உன் மேலதிகாரியிடம் பேசு. ஒரு ஸ்டெபிலைசர், நமக்கென்று ஒரு சின்ன ஜெனரேட்டர், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்க ஓர் ஆள். இதைத் தவிர வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அம்மா உன்னைக் கேட்டாள். என்ன கேட்டாள் என்று எழுத எனக்கு இப்போது தெம்பில்லை.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதாகச் சொல்.

மேலதிகாரியிடம் பேசினேன். ஜெனரேட்டர், பழுது பார்ப்பு எதற்கும் வழியில்லை. ஆனால் வேறொரு நல்ல வழி கிடைத்திருக்கிறது. முழுவதையும் படித்துவிட்டுக் கோபப்படு.

மாதிரிகள் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துவிடலாம். இங்கே மின்சாரம் போகாது. போனாலும் ஒன்றுக்கு இரண்டு மாற்று ஏற்பாடு உண்டு. எங்களோடு சேர ஒரு மருந்துக் கம்பெனியும் முன்வந்திருக்கிறது. சோதனைச் செலவு அவர்களுடையது. நீ உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுவதெல்லாம் இங்கே தானாகவே பத்திரமாக இருக்கும். பெயர், முகவரி எதுவும் இங்கே வரப்போவதில்லை, வெறும் எண்கள்தான். யாருக்கு என்ன நஷ்டம் சொல்?

இன்னொன்று. உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உங்கள் இயக்குநரிடம் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒப்பந்தம் அவர் பெயரில் போகிறது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மிகவும் உற்சாகமாகப் பேசினார். பொறுப்பாளர் என்ற இடத்தில் உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார், இன்னொரு கோடை வந்தால் மிச்சமும் உருகிவிடும்.

உன் நெட்டையன்


ஜூன் 11

தம்பிக்கு,

முழுவதையும் படித்தேன். நீ சொன்னபடியே படித்துவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.

“உன்னிடம் சொல்வதற்கு முன்னால்” என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். நான் முகாம் முகாமாகப் போய் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இது இங்கேதான் இருக்கும் என்று சொல்லி வாங்கியது. அவர்களுக்கு உன் நிறுவனத்தைத் தெரியாது, கம்பெனியைத் தெரியாது. என்னைத் தெரியும். நாளைக்கு ஆலை வாசலில் என்னை நிறுத்தி, “எங்க ரத்தம் எங்கம்மா?” என்று கேட்டால், என் தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், அங்கே மின்சாரம் போகாது என்று சொல்லட்டுமா?

இயக்குநர் அறைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார்.

“உங்க தம்பி எவ்வளவு தங்கமான பையன்! நமக்கு எவ்வளவு பெரிய பேரு தெரியுமா இது?”

“சார், இங்கதான் இருக்கும்னு எழுதிக் குடுத்திருக்கோம்.”

“எழுதினா என்ன, அவங்க என்ன கோர்ட்டுக்கா போகப் போறாங்க?”

“அதனாலதான் சார் நான் கையெழுத்துப் போடல. போகத் தெரிஞ்சவங்களா இருந்தா நீங்களே போட்டிருக்க மாட்டீங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். பிறகு சொன்னார்: “சரி, போங்க. போய் ஒவ்வொருத்தரா கேட்டுட்டு வாங்க. அடுத்த மாசக் கடைசி வரைக்கும் டைம். ஆனா ஒண்ணு. அவங்க சரின்னு சொல்லிட்டா நீங்க அப்புறம் மூச்சு விடக்கூடாது.”

ஒத்துக்கொண்டேன். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

போனில் கூப்பிடாதே. நான் எடுக்கப்போவதில்லை.

அக்கா


ஜூன் 20

அக்கா,

நான்கு தடவை கூப்பிட்டுவிட்டேன். அம்மாதான் எடுத்தாள். “அவ வேலையா இருக்காடா” என்றாள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, உனக்காகச் சொல்ல வைத்திருக்கிறாய்.

நீ நியாயம் பேசுகிறாய். நான் மறுக்கவில்லை. ஆனால் நியாயம் மட்டும் போதுமா? இத்தனை மாதமாக அந்தப் பெட்டிக்குள் இருப்பதிலிருந்து ஒரு ஆளுக்காவது ஒரு பதில் கிடைத்திருக்கிறதா? சோதிக்கக் கருவி இல்லை, மருந்து இல்லை, ஆள் இல்லை. நீ பூட்டி வைத்திருக்கிறாய், அவ்வளவுதான். பூட்டி வைத்துக் காவல் காப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. அப்பாவுக்கு வந்தது என்ன என்று உனக்கு மட்டும்தான் தெரிய வேண்டுமா? நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். அவர் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததை நானும்தான் பார்த்தேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிகள் வராவிட்டால் என் ஒப்பந்தம் நீளாது. நீளாவிட்டால் விசா இல்லை. வாண்டு இப்போதுதான் பள்ளியில் ஒரு சிநேகிதியைப் பிடித்திருக்கிறது. நான் இங்கே ஏதோ ராஜாவாட்டம் உட்கார்ந்திருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். கூட்டத்துக்குக் கூட்டம் “உங்க பக்கத்திலிருந்து எப்ப வரும்?” என்று என்னைத்தான் கேட்கிறார்கள். என் பக்கம் என்றால் நீ.

ஒரு கையெழுத்து அக்கா. உன்னிடம் நான் இதுவரை பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

நெட்டையன்


ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றி முடித்துவிட்டேன். உள்ளங்கால் எரிகிறது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பெரும்பாலானவர்கள் அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

ஆமாம். நான் கதவைத் தட்டி, உட்கார்ந்து, வெளிநாடு, கம்பெனி, உங்கள் பெயர் போகாது, வேண்டாமென்றால் வேண்டாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் வேண்டாம் பக்கம் சாய்த்தே சொன்னேன். டெக்னீஷியன் பெண் வெளியே வந்ததும், “நீங்க கேக்கிற மாதிரி கேட்டா யாருமே சரி சொல்ல முடியாது மேடம்” என்று கோபித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளையே பேசச் சொன்னேன்.

வட்டி கேட்டாரே, அவர் இப்போது வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸில் கிடக்கிறார். “எங்க வேணாலும் அனுப்புங்க டாக்டரம்மா. ஃப்ரீசர்ல கிடந்து என்ன பிரயோஜனம்? நீங்க எடுத்துட்டுப் போனீங்க, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் வர்றீங்க” என்றார். குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஒருத்தி மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். புருஷன் இந்தக் கோடையில் செத்துப்போனவர். “அவரோடதுல மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். எங்கேயும் போகக்கூடாது” என்றாள். எழுதிக்கொண்டேன். அவளைப் போல இன்னும் சிலர்.

ஆனால் சரி சொன்னவர்களும் சும்மா சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு வேறு வேறு வார்த்தையில் இரண்டே விஷயம் கேட்டார்கள். ஒன்று, என்ன கண்டுபிடித்தாலும் எங்களுக்குப் புரிகிற மாதிரி வந்து சொல்ல வேண்டும். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றாலும் அதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று ஒரு வெட்டுக்காரப் பையன் கேட்டது: “எங்க ரத்தத்தில மருந்து செஞ்சு, கடைசியில நாங்க வாங்க முடியாத விலைக்கு விப்பாங்களா?” என் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்குத் தெரியுமா?

நான் தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள். வாக்குக் கொடுத்தபடி மூச்சு விடமாட்டேன். சரி சொன்னவர்களுடையதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். வேண்டாமென்றவர்களுடையது இங்கேயே இருக்கும். அவர்கள் கேட்ட அந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, உன் நிறுவனமும் கம்பெனியும் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். வந்த அன்றைக்கே நான் பெட்டி கட்டுகிறேன். இரண்டே வரி, தம்பி. நீ கூட்டத்தில் எழுந்து நின்று கேள். என் பக்கம் என்று என்னைச் சொன்னாயே, இவர்களும் உன் பக்கம்தான்.

போன கடிதத்தில் பெட்டியைப் பூட்டிக் காவல் காக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அது உறைத்தது. அதில் உண்மை இருக்கிறது என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக உறைத்தது.

வாண்டு அதன் சிநேகிதியோடு நன்றாக இருக்கட்டும். அதற்கு எதிராக நான் எதுவும் செய்யவில்லை.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 19

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

பொருள்: மாதிரிகள் பரிமாற்ற ஒப்பந்தம் ரத்து.

தங்கள் ஜூலை 28 தேதியிட்ட கடிதத்தில் கோரப்பட்ட கூடுதல் நிபந்தனைகள் எங்கள் சட்டப் பிரிவின் பரிசீலனைக்கு வைக்கப்பட்டன. தனிநபர்களுக்கு ஆய்வு முடிவுகளைத் தெரிவிப்பதும், எதிர்கால மருந்து விலை குறித்து உறுதி அளிப்பதும் நிறுவனத்தின் கொள்கைக்கு உட்பட்டவை அல்ல என்பதால், அவற்றை ஏற்க இயலாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இதன் காரணமாகத் தங்கள் மருத்துவமனையுடனான ஒத்துழைப்பு இத்துடன் முடிவுக்கு வருகிறது. உறைநிலைக் கருவிகள் நிறுவனத்தின் உடைமை ஆதலால், அடுத்த மாத இறுதிக்குள் அவை வேறொரு கூட்டு மையத்துக்கு மாற்றப்படும். அதற்கு முன் அவற்றில் உள்ளவற்றைத் தாங்கள் அப்புறப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
திட்ட ஒருங்கிணைப்பாளர்

நகல்: இயக்குநர்


அக்டோபர் 2

அன்புள்ள நெட்டையனுக்கு,

உன் கடிதம் வந்தது. அதில் உன் கையெழுத்து இருந்ததால் உன் கடிதம் என்கிறேன். அம்மாவிடம் காட்டவில்லை. தம்பி எழுதியிருக்கிறான், நலமாக இருக்கிறான் என்று சொன்னேன். “என்ன எழுதியிருக்கான்?” என்றாள். வேலை விஷயம் என்றேன். பொய்யில்லை.

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. இங்கே என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இயக்குநர் என்னை உட்காரச் சொல்லவில்லை. “இப்ப சந்தோஷமா?” என்றார். இல்லை சார் என்றேன். உண்மையாகவே இல்லை. ஃப்ரீசர் கேட்டு ஏறாத படி இல்லை. மருத்துவக் கல்லூரியில் இடமில்லை. தனியார் ஆய்வுக்கூடத்துக்காரர் மாதிரியில் பங்கு கேட்டார். மீன் கிடங்கில் அந்த அளவு குளிர் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் டீ மட்டும் நன்றாகக் கொடுத்தார்கள். கடைசியில் கைகொடுத்தவர் டெக்னீஷியன் பெண்ணின் மாமா. மாட்டு டாக்டர், அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் இருக்கிறார். சினை ஊசிக்காகக் காளை விந்தைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். மின்சாரமே வேண்டாம், வாரா வாரம் நைட்ரஜன் ஊற்றினால் போதும். அவரிடம் ஒரு தொட்டி சும்மா கிடந்தது. “எங்க காளைங்களுக்கு ஆட்சேபணை இல்ல டாக்டர், உங்க ஆளுங்களுக்கு இருக்கான்னு கேட்டுக்கோங்க” என்றார். இந்த வருஷத்தில் என்னிடம் ஒருவர் ‘கேட்டுக்கோங்க’ என்று தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

ஆனால் தொட்டி சின்னது. எல்லாம் கொள்ளாது. எதை வைப்பது, எதை விடுவது? குடியிருப்பில் ஆலை வாசல் மரத்தடியில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். வெளிநாட்டுக்காரர்கள் அந்த இரண்டு வரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஃப்ரீசரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், இருக்கிற இடம் போதாது என்று. காளை விஷயத்தையும் சொன்னேன். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் திட்டவும் செய்தார், ரொம்ப நேரம். பாதி என்னை, பாதி உன்னை. பிறகு அந்த வெட்டுக்காரப் பையன் எழுந்தான். “போனவங்களோடதை வெச்சுக்கோங்க. நாங்கதான் இருக்கோமே, வேணும்னா மறுபடி கைய நீட்டுறோம்” என்றான். அப்படியே முடிவாயிற்று.

வட்டி கேட்டவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அதற்கு முந்தின வாரம் போய்விட்டார். அவருடையது தொட்டியில் இருக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பண்ணைக்கே வந்து பார்த்தாள். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை எழும்பியது. “குளிருமா?” என்று கேட்டாள். அவ்வளவுதான்.

உயிரோடு இருப்பவர்களுடையதை நானும் அந்தப் பெண்ணும் கிருமிநீக்கும் பெட்டியில் வைத்து அழித்தோம். ஒவ்வொரு எண்ணாக வாசித்து வாசித்துப் போட்டோம். இத்தனை நாள் காப்பாற்றியதை எங்கள் கையாலேயே. லாரி வந்து ஃப்ரீசர்களை ஏற்றிக்கொண்டு போனது. எந்த ஊருக்குப் போகின்றன என்று தெரியவில்லை. அங்கே யாராவது கேன்டீனுக்கு முன்னால் அவற்றுக்கு இடம் பிடித்துக் கொடுத்தால் சரி.

உன் ஒப்பந்தம் நீண்டதா என்று தெரியவில்லை. நீண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். குத்தலாக எழுதவில்லை.

ஒன்று உனக்குத் தெரியாது. அழிக்க வேண்டிய எண்களில் ஒன்று அம்மாவுடையது. வருஷக்கணக்காகக் கரும்பு வெட்டியும் சிறுநீரகம் கெடாதவர்களுடையதும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தாயே. அதற்காக ஒரு முகாமில் அவளாகவே வந்து வரிசையில் நின்று கொடுத்தாள். எல்லோரிடமும் கேட்டேன், வீட்டில் இருப்பவளிடம் கேட்கவில்லை. மரத்தடிக் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

“அம்மா, உன்னோடதை அழிச்சிடலாமா? வெக்க இடமில்ல.”

“தம்பிக்குன்னுதானே எடுத்தே?”

“ஆமா.”

“அவனுக்குத் தெரியுமா, என்னோடது அதுல இருக்குன்னு?”

“தெரியாது. அங்க வெறும் நம்பர்தான் போகும்.”

ஒரு போர்வையை எடுத்து முழுவதும் மடித்து வைத்தாள்.

“அப்ப அழிச்சிடு. அவன் கேட்டா உடம்புல இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துக்கன்னு குடுப்பேன். இன்னும் அவன் என்கிட்ட கேக்கலையே. நான் இருக்கும்போதே வந்து கேக்கச் சொல்லு.”

சொல்லிவிட்டேன்.

அக்கா